உதட்டில் ஒரு கொப்புளம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "டாக்டரம்மா, நீங்க இருபது நிமிஷம் பேசணும். எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க. சர்க்கரை வியாதியும் மாரடைப்பும் மட்டும் வேண்டாம். போன ரெண்டு தடவையும் அதைத்தான் பேசினாங்க, பந்தியில ஒருத்தரும் ஜாங்கிரியைத் தொடலை" என்றார். நான் தோல் டாக்டர். என்னால் ஜாங்கிரிக்கு ஆபத்து இல்லை. "உதட்டில கொத்தாக் கொப்புளம் வருமே, அதைப் பத்திப் பேசட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதுல பேச என்னம்மா இருக்கு?" என்றார். இருக்கிறது என்பதால்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

முதலில் என் கதை. 1976-ல் இந்தக் கல்லூரியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். பி.யூ.சி. என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. பிளஸ் டூ வருவதற்கு முன்னால் கல்லூரியிலேயே ஒரு வருஷம் படிப்போம், அது. பெண்கள் விடுதியில் அறைக்கு நாலு பேர். பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது, ராத்திரி படித்துக்கொண்டிருந்தவளுக்கு மேலுதட்டின் வலது ஓரத்தில் குறுகுறுவென்று இருந்தது. எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு எரிச்சல். விடிந்து கண்ணாடியைப் பார்த்தால் கடுகு கடுகாய் ஐந்தாறு நீர்க்கொப்புளம், ஒரே கொத்தாக.

அறைத்தோழிகள் கூடிவிட்டார்கள். "ஏட்டி, ராத்திரி பல்லி மூத்திரம் பெஞ்சிருக்கும்" என்றாள் ஒருத்தி. "அதெல்லாம் இல்லட்டி, உள்சூடு வெளிய வருது, இளநீர் குடி" என்றாள் இன்னொருத்தி. மூன்றாமவள் சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள். அதை இந்த மேடையில் சொல்ல முடியாது. அந்தக் காலத்துப் பெண் பிள்ளை, நான் அழுதுவிட்டேன். விடுதிக் காப்பாளர் அம்மாள் என் தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கச் சொன்னார். ஒரு வாரம் தீண்டத்தகாதவள் போல மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இன்றைக்கு யோசித்துப் பார்த்தால், டம்ளர் விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். சொன்ன தோரணைதான் தப்பு.

அதன் பிறகு ஒவ்வொரு பரீட்சைக்கும் அதே உதடு, அதே ஓரம். விடுதியில் என் முகத்தைப் பார்த்தே டைம் டேபிள் ஒட்டிவிட்டார்கள் என்று தெரிந்துகொள்வார்கள்.

எனக்காவது இளநீரோடு போயிற்று. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாளே என் தோழி, அவளிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். அவளைப் பெண் பார்க்க வருகிற அன்றைக்குப் பார்த்து உதட்டில் கொப்புளம் கிளம்பிவிட்டது. வீட்டில் பதறிப்போய் வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை எடுத்துத் தடவிவிட்டார்கள். கொப்புளம் அதுபாட்டுக்குப் போயிருக்கும். சுண்ணாம்பு சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. மாப்பிள்ளை அன்றைக்கு அதைக் கவனித்தாரா என்று தெரியாது. பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், சாப்பாட்டின்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இது என்ன? ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்கிற வைரஸ், அதிலும் முதல் வகை. ஹெர்ப்பிஸ் என்ற சொல்லே கிரேக்க மொழியில் 'ஊர்வது' என்ற பொருளில் பிறந்ததுதான். எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது என்றேனே, அந்தக் கிரேக்கனுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது போலும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 50 வயதுக்கு உட்பட்ட உலக மக்களில் சுமார் 380 கோடிப் பேர், அதாவது நூற்றுக்கு 64 பேர், இந்த வைரஸைச் சுமக்கிறார்கள். இந்த மண்டபத்தில் உங்களுக்கு வலப்பக்கம் இருப்பவரையும் இடப்பக்கம் இருப்பவரையும் ஒரு தரம் பாருங்கள். மூன்று பேரில் ஏறக்குறைய இரண்டு பேர். பெரும்பாலோருக்கு ஆயுசு முழுக்க ஒரு கொப்புளம்கூட வராது. வாங்கி வைத்திருப்பதே தெரியாது.

எங்கே வாங்கினோம்? பெரும்பாலும் சின்ன வயசில், நம்மைக் கொஞ்சியவர்களிடம். பாட்டி கொடுத்த முத்தம், அத்தை ஊதி ஊட்டிய சோறு, அண்ணன் கடித்துக் கொடுத்த கொய்யாக்காய். காக்காக் கடி ஞாபகம் இருக்கிறதா? மிட்டாய்மேல் பாவாடைத் துணியைப் போட்டுக் கடித்துப் பாதி கொடுப்போமே! எச்சில் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதை மதித்து நாம் கண்டுபிடித்த தந்திரம். மெல்லிய துணி எச்சிலைத் தடுக்காது என்பது வேறு விஷயம். ஆனால் எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கிற நம் பழக்கம் மிக நல்ல பழக்கம். இப்போது பிள்ளைகள் ஒரே பாட்டிலில் நாலு பேர் வாய் வைத்துக் குடிப்பதைப் பார்க்கும்போது அதை விட்டிருக்க வேண்டாமே என்று தோன்றுகிறது.

முதல் தடவை உள்ளே வரும்போது சில குழந்தைகளுக்குக் கடுமையாக இருக்கும். காய்ச்சல், ஈறெல்லாம் வீங்கி ரத்தம் கசிவது, வாய் முழுக்கப் புண், எச்சிலைக்கூட விழுங்காமல் ஒழுகவிட்டு அழுவது. அந்தப் புண்ணைவிடக் குழந்தை தண்ணீர் குடிக்காமல் வறண்டு போவதுதான் கவலைக்குரியது. ஆறு மணி நேரமாய் ஒன்றுக்குப் போகவில்லை என்றால் டாக்டரிடம் ஓடுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியாமல் உள்ளே போய்விடும். போன பிறகு, முகத்துக்கு உணர்ச்சி தருகிற நரம்பின் முடிச்சில் போய் ஒளிந்துகொள்ளும். அங்கே மருந்தும் எட்டாது, உடம்பின் காவல் படையும் அதை அடியோடு ஒழிக்க முடியாது. காய்ச்சல் வந்தால், வெயிலில் அலைந்தால், தூக்கம் கெட்டால், மனசு நொந்தால், பெண்களுக்கு மாதவிலக்கு நெருங்கினால், பல் டாக்டர் உதட்டை இழுத்துப் பிடித்தால் விழித்துக்கொண்டு அதே நரம்பின் வழியே இறங்கி வரும். அதே பாதை என்பதால்தான் அநேகமாக அதே ஓரம். பல்லிக்கு எப்படியம்மா ஒவ்வொரு பரீட்சைக்கும் என் வலது உதடு தெரியும்?

ஆனால் பூச்சிக் கதையை முழுக்கக் கேலி செய்யவும் முடியாது. மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் ஒரு சின்ன வண்டு உண்டு. அதை நசுக்கினால் அதன் உடம்புச் சாறு பட்ட இடம் மறுநாள் கோடு போட்ட மாதிரி சிவந்து, எரிந்து, கொப்புளிக்கும். அது கழுத்திலோ கன்னத்திலோ கையிலோ எங்கே சாறு பட்டதோ அங்கே வரும். உதட்டு ஓரத்தில் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வராது.

எதை எதனோடு குழப்பிக்கொள்கிறோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தப்பான வைத்தியம் செய்துகொண்டு வருகிறவர்கள். வாய்க்குள்ளே, கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரத்தில் வெள்ளைக் குழியாக ஒன்றிரண்டு வருவது சாதாரண வாய்ப்புண். அது ஒட்டாது, இந்த வைரஸும் இல்லை. இரண்டு கடைவாய் ஓரமும் வெடித்து, வாயைத் திறந்தால் வலிப்பது வேறு. ரத்தசோகையிலும் பி வைட்டமின் குறைவிலும் அது வரும், பல்செட் பொருந்தாத பெரியவர்களுக்குப் பூஞ்சையாலும் வரும். பிள்ளைகளின் மூக்குக்குக் கீழே தேன் உறைந்த மாதிரி மஞ்சள் பொருக்குத் தட்டினால் அது பாக்டீரியா. நெற்றியிலிருந்து கண் வரைக்கும், அல்லது முதுகிலிருந்து மார்பு வரைக்கும் ஒரே பக்கமாகப் பட்டையாக வருவது அக்கி. அது சின்னம்மை வைரஸ் பின்னாளில் திரும்ப வருவது. இதற்குத்தான் நம் ஊரில் வேளார் வீட்டுக்குப் போய்க் காவியைக் குழைத்து அக்கி எழுதிக்கொள்வார்கள். காவி குளிர்ச்சியாக இருக்கும், அதில் தப்பில்லை. ஆனால் எழுதிக்கொண்ட கையோடு டாக்டரிடமும் வரவேண்டும். கொப்புளம் கிளம்பிய மூன்று நாளுக்குள் மாத்திரை ஆரம்பிப்பதுதான் நல்லது.

இன்னொன்றும் இருக்கிறது. உதட்டிலோ வாய்க்குள்ளோ ஒரு புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லை என்றால், வலியே இல்லாவிட்டாலும், வந்து காட்டுங்கள். முக்கியமாகப் புகையிலை, பாக்கு, பான் பொட்டலம் பழக்கம் உள்ளவர்கள். வலிக்கவில்லை என்பதால்தான் பலர் வராமல் இருந்துவிடுகிறார்கள். உதட்டுக் கொப்புளம் என்றால் எட்டுப் பத்து நாளில், அதிகம் போனால் இரண்டு வாரத்தில் தானே ஆறிவிடும். முதல் நாள் குறுகுறுப்பு, அடுத்து கொப்புளம், பிறகு உடைந்து நீர் கசியும், பொருக்குக் கட்டும், உதிரும். தழும்பு வைக்காது, சுண்ணாம்பு தடவாத வரைக்கும்.

வைத்தியம் என்று பார்த்தால், நான் படித்த விடுதிக் காலத்தில் ஒன்றும் கிடையாது. அதற்கு மருந்து வந்ததே ஒரு நல்ல கதை. அமெரிக்காவில் ஜெர்ட்ரூட் எலியன் என்று ஒரு அம்மாள். 1918-ல் பிறந்தவர். பெண் என்பதால் ஆய்வகங்களில் வேலை தரமாட்டேன் என்றார்கள். டாக்டர் பட்டமும் முடிக்கவில்லை. ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் சேர்ந்து, அங்கே அவருடைய குழுவினர் 1970-களில் உருவாக்கியதுதான் ஏசைக்ளோவிர். அந்த மருந்து நம் உடம்பின் நல்ல செல்லுக்குள் போனால் சும்மா கிடக்கும். வைரஸ் இருக்கும் செல்லுக்குள் போனால், வைரஸ் தன் தேவைக்காக வைத்திருக்கும் ஒரு என்சைமே அதை உசுப்பிவிடும். உசுப்பப்பட்ட மருந்து, வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது வரிசையில் போலிச் செங்கலாக உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மேல் சுவர் எழும்பாது. திருடன் தன் சாவியாலேயே பூட்டிக்கொள்கிற மாதிரி. 1988-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பட்டம் இல்லையே, மார்க் இல்லையே என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அவர் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த மருந்துக்கு நேரம் முக்கியம். வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும்போதுதான் அது வேலை செய்யும். குறுகுறுப்புத் தொடங்கிய அந்தச் சில மணி நேரம்தான் நமக்குக் கிடைக்கிற அவகாசம். பொருக்குக் கட்டியபிறகு என்னிடம் வந்து நூறு ரூபாய் ஃபீஸ் கொடுப்பதற்கு நாலு நாள் பொறுத்திருந்தால் அதுவே போய்விடும். களிம்பு என்றால் ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஐந்து நாள். அதனால் குறைவது அரை நாள், ஒரு நாள் அவ்வளவுதான், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். மாத்திரை இன்னும் கொஞ்சம் நன்றாகக் கேட்கும். வாலசைக்ளோவிர் என்ற மாத்திரையைப் பெரியவர்கள் குறுகுறுப்பு வந்ததும் 2 கிராம், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம் எடுத்தால் போதும், ஒரே நாளோடு முடிந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த அளவு ஆகாது. அதனால், அடிக்கடி வருகிறவர்கள் நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை டாக்டரைப் பார்த்து, சீட்டு வாங்கி, மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஆறு தடவைக்கு மேல் வருகிறவர்களுக்குத் தினசரி மாத்திரையும் உண்டு. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கீமோதெரப்பி எடுத்துக்கொள்கிறவர்கள், கரப்பான் என்கிற எக்ஸிமா இருக்கிற பிள்ளைகள் காத்திருக்கவே கூடாது, உடனே வரவேண்டும்.

மாத்திரை இல்லையா? ஐஸ் கட்டியைச் சுத்தமான துணியில் சுற்றி வையுங்கள். வெடிக்காமல் இருக்க வாசலின் பூசுங்கள், பூசிவிட்டுக் கையைக் கழுவுங்கள். வலிக்குப் பாரசிட்டமால். ஊறுகாயும் காரக் குழம்பும் ஒரு வாரம் வேண்டாம். பொருக்கைப் பிய்க்காதீர்கள். வெயிலில் வருகிறவர்கள் அக்னி நட்சத்திரத்தில் குடையை எடுத்துக்கொண்டு, சன்ஸ்கிரீன் கலந்த லிப் பாம் போட்டுக்கொள்ளுங்கள், ஆண்களும்தான், வெட்கம் ஒன்றும் இல்லை. பற்பசை, பேனா மை, எலுமிச்சம்பழம் ஒன்றும் வேண்டாம்.

மருந்துக் கடையில் "உதட்டுப் புண்ணுக்கு ட்யூப் கொடுங்க" என்று கேட்டால், பல நேரம் ஸ்டீராய்டு கலந்த களிம்புதான் கைக்கு வரும். சிவப்பு சீக்கிரம் அடங்கும், நமக்குச் சந்தோஷம். ஆனால் கூடவே வைரஸுக்கு எதிரான மருந்து இல்லாமல் வெறும் ஸ்டீராய்டைப் பூசினால், காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டுக் கதவைத் திறந்துவிடுவது மாதிரி.

உதட்டில் போட்ட அதே ட்யூபைக் கண் இமைக்குப் போட்டுக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த வைரஸ் கருவிழிக்குப் போனால், அங்கே மரக்கிளை மாதிரி புண்ணை உண்டாக்கும். கண் டாக்டர் சாயம் விட்டு விளக்கில் பார்த்தால் கிளை கிளையாகத் தெரியும். அதற்கு "மெட்ராஸ் ஐ" என்று நினைத்துக் கடையில் ஸ்டீராய்டு சொட்டு வாங்கிவிட்ட ஒரு கல்லூரிப் பையனுக்குத் தழும்பு விழுந்து, ஒரு கண் பார்வை பாதிக்குமேல் போய்விட்டது. உதட்டில் கொப்புளம் இருக்கும்போதோ அதற்குப் பிறகோ ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் அன்றைக்கே கண் டாக்டர். கொப்புளத்தைத் தொட்ட விரலால் கான்டாக்ட் லென்ஸைத் தொடாதீர்கள்.

விளையாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. 1989-ல் அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் நாலு வாரம் மல்யுத்தப் பயிற்சி முகாம் நடந்தது. 175 பேரில் 60 பேருக்கு இந்த வைரஸ் முகத்திலும் கழுத்திலும் கையிலும் தொற்றிவிட்டது. தோலோடு தோல் உரசினால் போதும். நம் கல்லூரி மல்யுத்தப் பிள்ளைகளும் கபடிப் பிள்ளைகளும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். புண் இருந்தால் ஆறும் வரைக்கும் களத்தில் இறங்க வேண்டாம்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

1983-ல் நான் பயிற்சி மருத்துவர். குழந்தைகள் வார்டில் ராத்திரி டூட்டி. பத்து நாள் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பால் குடிக்கவில்லை, துவண்டு கிடக்கிறது, இழுப்பு. தலையில் முடிக்கு நடுவே மூன்று நாலு சின்னக் கொப்புளம். வேர்க்குரு என்று நினைத்து நான் அதைக் குறிப்புச் சீட்டில்கூட எழுதவில்லை. காலையில் வந்த பெரிய டாக்டர் குழந்தையின் தலையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பிறகு கட்டிலைச் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். குழந்தையின் அத்தை, பதினெட்டு இருபது வயசு இருக்கும், கீழுதட்டில் உதிரப்போகிற பொருக்கு. அண்ணனுக்கு முதல் குழந்தை. பத்து நாளும் மடியைவிட்டு இறக்காமல் வைத்திருந்தவள் அவள்தான்.

பிறந்த குழந்தைக்கு இந்த வைரஸ் பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து வரும். கொஞ்சம் குழந்தைகளுக்குத்தான் வெளியிலிருந்து, முத்தத்தால் வரும். அபூர்வம்தான். ஆனால் முதல் நாலு வாரத்தில் குழந்தையின் உடம்புக்கு அதைத் தடுத்து நிறுத்தும் பலம் கிடையாது. ஈரல், நுரையீரல், மூளை என்று பரவிவிடும். இன்றைக்கு நரம்பு வழியாக ஏசைக்ளோவிர் இரண்டு மூன்று வாரம் கொடுக்கிறோம், சீக்கிரம் வந்தால் பலரைக் காப்பாற்றுகிறோம். அன்றைக்கு எங்கள் கையில் அந்த ஊசி இல்லை. நாலாம் நாள் குழந்தை போய்விட்டது.

பெரிய டாக்டர் அந்தப் பெண்ணிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் என் வயசைவிட நாலைந்து வயசுதான் சின்னவள். "ஏம்மா, நல்லாத்தானே இருந்துச்சு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் அவளுடைய அடுத்த பிள்ளைகள் பிழைத்திருக்கும் என்று ஒரு மனசு சொல்கிறது. அவள் பிழைத்திருக்கமாட்டாள் என்று இன்னொரு மனசு சொல்கிறது. அவளிடம் சொல்லாததைத்தான் நாற்பது வருஷமாய் மற்ற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் பேரன் பிறந்தபோது ராத்திரி ரயிலில் போனேன். நெல்லையில் இறங்கும்போதே வலது உதட்டில் எறும்பு ஊர்கிறது. ஆஸ்பத்திரி அறையில் எல்லோரும் எனக்காகக் காத்திருக்கிறார்கள். நம் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும், பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது. சீனித் தண்ணீரை விரலில் தொட்டுப் பெரியவர் ஒருவர் நாக்கில் வைப்பார். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். முதல் ஆறு மாசம் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்பதுதான் டாக்டர்கள் கட்சி, அது ஒருபுறம் இருக்கட்டும். சம்பந்தியம்மாள் கிண்ணத்தை நீட்டி, "டாக்டர் கைதான் வைக்கணும்னு சொல்லிட்டேன், வாங்க மதினி" என்றார். நான் வாசற்படியிலேயே நின்று, "நான் உள்ள வரல மதினி, எனக்கு உதட்டுல வருது" என்றேன். முகம் சுண்டிவிட்டது. படித்த கர்வம் என்று நினைத்திருப்பார். கையை நன்றாகக் கழுவி, முகக்கவசம் போட்டுக்கொண்டு தூக்கியிருக்கலாம், மருத்துவ விதி அதை அனுமதிக்கிறது. பெற்ற தாய்க்கே உதட்டில் கொப்புளம் வந்தாலும் அவள் அப்படித்தான் செய்யவேண்டும். முத்தம் கூடாது, மார்பில் புண் இல்லாத வரைக்கும் தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். எனக்குத்தான் மனசு வரவில்லை. பேரனைப் பதினோராம் நாள் தூக்கினேன்.

சம்பந்தியம்மாளிடம் 1983-ஐப் பற்றிப் பின்னால் சொன்னேன். இப்போது சொந்தத்தில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் வருகிறவர்களின் உதட்டைப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறாராம். கொப்புளமே இல்லாத நாளிலும் எச்சிலில் சில நேரம் வைரஸ் இருக்கும், ஆகவே பச்சைக் குழந்தையின் முகத்தில் யாருமே முத்தம் கொடுக்காமல் இருப்பதுதான் நல்லது என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை பார்க்க வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு மாசக் குழந்தைக்குக் காய்ச்சலோ, பால் குடிக்காமையோ, கொப்புளமோ வந்தால், வீட்டில் யாருக்காவது உதட்டில் வந்ததா என்பதை டாக்டர் கேட்கும் முன்னால் நீங்களே சொல்லுங்கள்.

ஒரு மாணவி துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறாள். "ரத்தப் பரிசோதனையில் ஹெர்ப்பிஸ் பாசிட்டிவ் என்று வந்தால் கல்யாணத்துக்கு முன்னால் சொல்ல வேண்டுமா?" நல்ல கேள்வி, பெயர் போடாமல் அனுப்பியதும் சரிதான். முதல் வகை வைரஸுக்கு ரத்தத்தில் பாசிட்டிவ் என்று வந்தால், அது எப்போதோ உள்ளே வந்தது என்று மட்டும்தான் அர்த்தம். யாரிடமிருந்து, எப்போது, உடம்பில் எந்த இடத்தில் என்று அந்தக் காகிதம் சொல்லாது. அதை வைத்து ஒருத்தருடைய நடத்தையை அளப்பது முட்டாள்தனம். யாராவது அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால், அவர்களையும் அதே லேபுக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் அங்கேயும் அதே ரிப்போர்ட்தான் வரும். மறைவிடத்தில் புண் வந்தால் விஷயம் வேறு. டாக்டரிடம் காட்ட வேண்டும், துணையிடம் ஒளிக்கக் கூடாது. உதட்டில் புண் இருக்கும்போது வாயால் எந்த நெருக்கமும் வேண்டாம், அந்த முதல் வகை வைரஸே கீழேயும் இடம் பிடித்துக்கொள்ளும். டாக்டராகப் பேசுகிறேன், பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பந்தியில் என் பக்கத்தில் உட்காரத் தயங்க வேண்டாம், இன்றைக்கு என் உதடு நன்றாக இருக்கிறது. டம்ளர் மட்டும் அவரவருடையது.